18 அடி ரீப்பரில் ஒரு கணக்குப் பாடம்

சின்னக் குழந்தைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவதில் உள்ள சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று சேலம், நாமக்கல் வாசகர்களைக் கேட்டிருந்தோம். மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் அம்மா, ராசிபுரம்: என் பையனுக்கு மூன்றரை வயது. 1-லிருந்து 50 வரை நிற்காமல் சொல்கிறான். கணக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பாட்டு வந்துவிட்டது. கணக்கு வந்ததா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். தட்டில் ஒரு பிடி புளியங்கொட்டையைக் கொட்டி, "சாமி, அம்மாவுக்கு நாலு குடு" என்று கையை நீட்டுங்கள். கைக்கு வந்ததை அள்ளித் தந்தால், நாலு என்பது அவனுக்கு இன்னும் வெறும் ஓசைதான். கேரன் வின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-களின் தொடக்கத்தில் குழந்தைகளிடம் இப்படித்தான் "இத்தனை கொடு" என்று கேட்டுப் பார்த்தார். பத்து வரை தப்பில்லாமல் ஒப்பிக்கும் குழந்தைகூட, ஒன்று கேட்டால் சரியாகத் தரும், இரண்டு கேட்டால் அள்ளிவிடும். சில மாதம் கழித்து இரண்டு பிடிபடும், பிறகு மூன்று. அதற்குப் பிறகுதான் "எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம்" என்பது புரியும். புரிந்துவிட்டால் ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் சேர்ந்து வந்துவிடும். பாட்டை நிறுத்த வேண்டாம், வரிசை மனதில் நிற்பது நல்லதுதான். பக்கத்தில் தட்டையும் வையுங்கள்.

ஓர் அப்பா, ஓமலூர்: மரத்தாலான கணக்குப் பொம்மைப் பெட்டி ஒன்று பார்த்தேன். ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். வாங்கித்தான் ஆகவேண்டுமா?

வேண்டாம். உங்கள் ஊர் ஆசாரியைப் பாருங்கள்.

மாண்டிசோரி வகுப்புகளில் எண் கோல்கள் என்று ஒரு செட் இருக்கும். மொத்தம் பத்துக் கோல்கள். முதல் கோல் 10 சென்டிமீட்டர், அடுத்தது 20, அதற்கடுத்தது 30, கடைசிக் கோல் முழுதாக 1 மீட்டர். ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் சிவப்பு, நீலம் என்று நிறம் மாறி மாறி வரும். பத்தின் நீளத்தையும் கூட்டினால் 550 சென்டிமீட்டர், அதாவது 18 அடி. ரம்பம் தின்கிற தூளுக்கும் சேர்த்து 19 அடி ரீப்பர் போதும். லாரி பாடி கட்டும் பட்டறையிலோ கதவு, ஜன்னல் செய்யும் இடத்திலோ மிச்சத் துண்டுகளாகவே இது கிடைத்துவிடும்.

ஆசாரியிடம் இரண்டு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். முதலில் முழு ரீப்பரையும் ஒரே பருமனுக்கு இழைத்துவிட்டுப் பிறகு வெட்ட வேண்டும். இரண்டாவது, அளவில் ஒரு நெல் அகலம்கூடப் பிசகக் கூடாது. காரணம் இருக்கிறது. 9-ஆம் கோலின் தலையில் 1-ஆம் கோலை வைத்தால் 10-ஆம் கோலின் நீளத்துக்குச் சரியாக வர வேண்டும். 8-உம் 2-உம், 7-உம் 3-உம், 6-உம் 4-உம் அப்படியே. குழந்தை இரண்டு கோலையும் சேர்த்து வைத்துவிட்டு முனையில் விரலை ஓட்டிப் பார்க்கும். படி தட்டினால் உடனே கண்டுபிடித்துவிடும். கடைசியில் 5 மட்டும் ஜோடி இல்லாமல் தனியாக நிற்கும். அதையே ஒரு தடவை புரட்டிப் போட்டால் 10-க்குச் சமம் என்று நான்கு வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும்போது பக்கத்தில் இருங்கள். ஆனால் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

இந்த முறை நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. இதை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்தார். உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அடையாற்றிலும் கொடைக்கானலிலும் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஏராளம். பெரிய பள்ளிகளின் கண்ணாடி அலமாரியில் இருப்பதும் உங்கள் ஆசாரி வெட்டித் தருவதும் ஒரே கோல்தான்.

தறி ஓட்டும் ஒருவர், குமாரபாளையம்: எங்கள் வீட்டில் நூல் சுற்றும் பழைய மரத் தார்க்குச்சிகள் ஒரு சாக்கு கிடக்கின்றன. பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கலாமா?

கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கையில் கணக்குப் பெட்டியை வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறீர்கள்!

எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். முனையில் இரும்பு வளையம் இருந்தால் கழற்றிவிடுங்கள். சிலும்பு எழும்பிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அதிலிருந்து 45 குச்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டைப் பெட்டியைப் பத்து அறையாகத் தடுத்து, ஒவ்வொரு அறையின் மேலும் 0 முதல் 9 வரை வரிசையாக எழுதுங்கள். 1 என்ற அறையில் ஒரு குச்சி, 2-இல் இரண்டு என்று பிள்ளை எண்ணிப் போடட்டும். 9-ஆம் அறை நிறையும்போது கையில் ஒரு குச்சிகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினாலும் குறைந்தாலும் எங்கோ தவறு என்று குச்சிகளே சொல்லிவிடும். பெரியவர்கள் யாரும் "தப்பு" என்று சொல்ல வேண்டியதே இல்லை. திட்டு வாங்காமல் தவறைத் தானே பிடித்துத் திருத்துகிற பிள்ளைக்குக் கணக்கின் மீது பயம் வராது.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது 0 என்று எழுதிய அறை. அங்கே ஒன்றும் போடக் கூடாது. "இங்க எத்தனை?" என்று கேட்டால் குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல" என்று சிரிக்கும். பூஜ்யத்தை இதைவிட நன்றாக எந்தப் புத்தகத்தாலும் கற்பிக்க முடியாது. தறிகளில் மரக்குச்சி போய் பிளாஸ்டிக் வந்துகொண்டிருக்கிறது. மிச்சமிருப்பதை அடுப்பில் போடாதீர்கள். பள்ளிபாளையம், இளம்பிள்ளைப் பக்கத்துத் தறிக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

ஒரு தாத்தா, ஆத்தூர்: பேத்தி என்னோடு பல்லாங்குழி ஆடுகிறாள். "ஹோம்வொர்க் இருக்கு" என்று மருமகள் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுகிறார்.

அப்பாரும் பேத்தியும் செய்வது ஹோம்வொர்க்தான் என்று மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இந்தப் பத்தியையும் படித்துக் காட்டுங்கள்.

நம் ஊரில் பிறந்த மரக் கணக்குக் கருவி பல்லாங்குழி. இரண்டு வரிசையில் ஏழு ஏழாக 14 குழிகள். குழிக்கு ஐந்து வீதம் போட்டால் 70 காய்கள். ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக விடும்போது விரலுக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு காய் என்ற ஒழுங்கு பழகிவிடுகிறது. ஒன்றுக்கு ஒன்று பொருத்துவதுதான் எண்ணுவதன் முதல் படி. பொருளைத் தொட்டு எண்ணும்போது ஒன்றை இரண்டு தடவை எண்ணுவதும் ஒன்றைத் தாண்டிப் போவதும் மூன்று, நான்கு வயதில் சகஜம். குழியில் காய் விடும் கைக்கு அந்தக் குழப்பம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

குழியில் நாலு சேர்ந்ததும் "பசு" என்று எடுக்கிறோமே, அதைக் கவனியுங்கள். குழந்தை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. பார்த்த மாத்திரத்தில் நாலு என்று தெரிந்துகொண்டு கை போகிறது. சிறு கூட்டத்தை எண்ணாமலே அறியும் இந்தத் திறன்தான் பின்னால் கூட்டலுக்கு அடிப்படை. ஆட்டம் இன்னும் முற்றினால், "இந்தக் குழியை எடுத்தா எங்க போய் முடியும்?" என்று கையை வைக்கும் முன்பே கண்ணால் ஓட்டிப் பார்ப்பாள். அது மனக்கணக்கு.

நான்கு வயதுக்காரியிடம் எல்லா விதியும் பேச வேண்டாம். குழிக்கு இரண்டு காய் போட்டு, ஏழு குழிகளில் மட்டும் விட்டு விளையாடுங்கள். காய் எடுக்கும் முன் "இதுல எத்தன இருக்கும் கண்ணு?" என்று ஒரு தரம் கேளுங்கள். பதில் தப்பாக வந்தாலும் அள்ளி எண்ணட்டும். வேறு பாடம் தேவையில்லை.

ஓர் ஆசிரியை, சங்ககிரி: பரமபதம், தாயம் போன்றவற்றால் கணக்கு வரும் என்பதற்கு ஆதாரம் உண்டா? இல்லை, பழமையின் மீதுள்ள பாசமா?

நல்ல கேள்வி. பாசம் எனக்கு நிறையவே உண்டு. ஆதாரமும் உண்டு. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 1 முதல் 10 வரை நேர்வரிசையில் எண் எழுதிய பலகை. இன்னொரு குழுவுக்கு எண் இல்லாமல் நிறம் மட்டும் உள்ள பலகை. இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம் போலத்தான் விளையாடினார்கள். எண் பலகையில் ஆடிய பிள்ளைகளுக்கு எண்களை ஒப்பிடவும், அடையாளம் காணவும், கோட்டில் எந்த எண் எங்கே வரும் என்று குறிக்கவும் நன்றாக வந்தது. நிறப் பலகைக்காரர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்தப் பலன் மறையவில்லை. வட்டப் பலகையைவிட நேர்ப் பலகையே நல்லது என்று அடுத்த ஆண்டு வந்த ஆய்வு சொன்னது.

பரமபதப் படம் வளைந்து வளைந்து மேலே ஏறும். நான்கு வயதுக்கு அது குழப்பம். திண்ணையில் சாக்பீஸால் நேராகப் பத்துக் கட்டம் போடுங்கள். ஆசாரி பலகைத் துண்டு தந்தால் இன்னும் நல்லது. ஒரு நுணுக்கம் மட்டும் மறக்க வேண்டாம். காய் 5-இல் நிற்கிறது, விழுந்தது இரண்டு என்றால், "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தாமல், கட்டத்தில் எழுதியிருப்பதை வாசித்து "ஆறு, ஏழு" என்று நகர்த்த வேண்டும். இப்படி நகர்த்தும் பிள்ளைகளுக்கே அதிகம் பிடிபட்டது என்று சீக்லரும் எலிடா லாஸ்கியும் 2014-இல் காட்டினார்கள்.

கோழிப் பண்ணை வைத்திருக்கும் அம்மா, நாமக்கல்: முட்டை அட்டையை வைத்து ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். ஆனால் முட்டை வைத்த அட்டை வேண்டாம், கிருமி இருக்கும். புது அட்டை எடுங்கள். ஓர் அட்டையில் ஐந்துக்கு ஆறு என்று 30 குழிகள். அதை இரண்டு இரண்டு வரிசையாக வெட்டினால் ஐந்துக்கு இரண்டு என மூன்று துண்டுகள் வரும். ஒவ்வொன்றிலும் பத்துக் குழி. அதில் ஏழு மர உருண்டைகளை வைத்தால், "ஒரு வரிசை நிறைஞ்சு அஞ்சு, கூட ரெண்டு, இன்னும் மூணு காலி" என்று மூன்று செய்தியும் ஒரே பார்வையில் தெரியும். இரண்டு துண்டுகளை அருகருகே வைத்து 8-உம் 5-உம் கூட்டச் சொல்லுங்கள். ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டின் காலிக் குழியை நிரப்பினால் பத்தும் மூன்றும். கடன் வாங்கும் கழித்தல் வரை இது கூட வரும்.

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு தாய்: மரப் பொம்மையில் பூசும் பெயின்ட் ஆபத்தா? குழந்தை எல்லாவற்றையும் வாயில் வைக்கிறது.

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பெயின்ட்டில் ஈயம் கலந்திருந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் அது அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். கடையில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கு விலக்கு உண்டு.

கைவினைப் பொம்மையில் பாதுகாப்பானது அரக்கு பூசியது. நம் தென்கோடியில் அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு, கர்நாடகத்தில் சென்னப்பட்டணம் இரண்டும் அந்த வேலைக்குப் பேர்போனவை. கடைசல் எந்திரத்தில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஒட்டும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு ஏறும். பெயின்ட் டப்பாவுக்கு அங்கே வேலையே இல்லை.

வீட்டில் செய்வதென்றால் வழவழப்பாக இழைத்த மரத்தை எதுவும் பூசாமலே கொடுங்கள். கோலில் நிறம் மாறும் இடத்துக்குப் பென்சில் கோடு போதும். இன்னொரு எச்சரிக்கை, இது பெயின்ட்டைவிட அவசரமானது. மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தரும் எந்தப் பொருளும் சுமார் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கக் கூடாது. அடங்கினால் தொண்டையில் சிக்கும். ஆகவே புளியங்கொட்டை, சோழி, மணி எல்லாம் மூன்று வயதுக்கு மேல், அதுவும் பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும். குன்றிமணி எந்த வயதிலும் வேண்டாம். அது விஷ விதை.

ஒரு பாட்டி, பரமத்திவேலூர்: மகள் வயிற்றுப் பேத்தி விரல் விட்டு எண்ணுகிறாள். டீச்சர் கையைத் தட்டிவிடுகிறாராம்.

விரலுக்குத் தடை போடக் கூடாது அம்மாயி. பத்து விரலும் கூடவே பிறந்த கருவி. நீங்கள் விரல் கணுவில் கட்டைவிரலை ஓட்டி, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு என்று எண்ணுவீர்களே, அதையும் பேத்திக்குக் கற்றுக்கொடுங்கள்.

ஒரு தாய், நாமக்கல்: எல்கேஜி படிக்கும் மகளுக்கு 1 முதல் 100 வரை தினமும் இரண்டு பக்கம் எழுத வேண்டும். அழுதுகொண்டே எழுதுகிறாள். எழுதாவிட்டால் பின்தங்கிவிடுவாளோ என்று எனக்கும் பயம்.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக மாநிலமெங்கும் இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் சேர்க்கிற மாவட்டம் உங்களுடையது. அந்த ஓட்டத்தின் காற்று எல்கேஜி வரை அடிக்கிறது. ஆனால் நான்கு வயதுக் கையின் சிறு தசைகள் பென்சிலை அவ்வளவு நேரம் பிடிக்க இன்னும் தயாராகவில்லை. வலிக்கிறது, அதனால் அழுகிறாள். இரண்டு பக்கத்தில் அவள் பழகுவது 8-இன் வளைவை. எட்டு என்றால் எவ்வளவு என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-இல் எழுதிய வரிசை இன்றும் நிற்கிறது: முதலில் கையால் செய்வது, அடுத்து படமாகப் பார்ப்பது, கடைசியில் குறியாக எழுதுவது. சிங்கப்பூர் 1980-களில் தன் கணக்குப் பாடத்தை இந்த வரிசையில்தான் அமைத்தது. நம் மாநிலமும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையிலிருந்து செயல்பாடுகள் வழியே படிக்கிறார்கள். கட்டணம் கட்டும் பள்ளியில் கிடைக்காதது, கட்டணமில்லாத பள்ளியில் கிடைக்கிறது.

பள்ளியில் போய்ப் பேசுங்கள். இரண்டு பக்கத்துக்குப் பதில் இரண்டு வரி எழுதட்டும், மீதி நேரம் கட்டையை வைத்து எண்ணட்டும் என்று கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து போங்கள். அழுகிற குழந்தைக்காகக் கேட்பதில் என்ன கூச்சம்?

ஒரு பள்ளி ஆசிரியர், சேலம்: நிறக் கட்டைகள் என்று தருகிறார்களே, கோடு எதுவும் இல்லாமல் வெறும் நிறமாக இருக்கிறது. அதை வைத்து எப்படி எண்ணுவது?

எண்ணுவதற்காக அதைச் செய்யவில்லை. பெல்ஜியத்தில் துயன் என்ற ஊரில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் குயிசனேர் உருவாக்கியது அது. 1952-இல் அதைப் பற்றி நூல் எழுதினார். 1 சென்டிமீட்டர் வெள்ளை, 2 சிவப்பு என்று போய் 10 ஆரஞ்சில் முடியும். இடையில் கோடு இல்லாததால் பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நிற்க முடியாது. கறுப்பையும் இளம்பச்சையையும் சேர்த்து வைத்தால் ஆரஞ்சு நீளம், அதாவது 7-உம் 3-உம் 10 என்று நீளத்தாலேயே உறவைப் பிடித்தாக வேண்டும். தொட்டுத் தொட்டு எண்ணும் கட்டத்தைத் தாண்டிய பிள்ளைக்கு, ஐந்து வயதுக்கு மேல், இதைக் கொடுங்கள். அதற்கு முன்னால் கோடு போட்ட கோல்.

ஓர் அப்பா, மேட்டூர்: யானை, மயில், ரயில் என்று அழகழகான எண் பொம்மைகள் வாங்கினோம். அவள் ரயில் ஓட்டுகிறாளே தவிர எண்ணுவதில்லை.

ரயில் ஓட்டட்டும், பொம்மை அதற்குத்தான். எண்ணுவதற்கு வேறு பொருள் எடுங்கள், மொட்டையான கட்டையாக, எல்லாம் ஒரே மாதிரியாக. ஜூடி டிலோச் என்ற ஆய்வாளர், ஓர் அறையின் சிறு மாதிரியைச் செய்து அதில் குட்டிப் பொம்மை ஒன்றை ஒளித்து வைத்தார். பெரிய அறையில் பெரிய பொம்மை அதே இடத்தில்தான் இருக்கிறது என்று குழந்தைகளிடம் சொல்லித் தேட விட்டார். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் கண்டுபிடித்தன. ஆனால் மாதிரி அறையை வைத்து முன்கூட்டியே விளையாடிய பிள்ளைகள் தடுமாறின. ஒரு பொருள் பொம்மையாகவே மனதில் பதிந்துவிட்டால், அது இன்னொன்றுக்கு அடையாளம் என்று பார்ப்பது குழந்தைக்குக் கடினம். கணக்குக் கட்டை எவ்வளவு எளிமையோ அவ்வளவு நல்லது.

ஒரு தகப்பன், எடப்பாடி: மகனுக்குக் கட்டை வாங்கினேன். மகளுக்குச் சொப்பு வாங்கினேன். சரிதானே?

இரண்டையும் நடுவில் வைத்துவிட்டு இருவரையும் உட்கார வையுங்கள். கட்டை அடுக்குவதிலும் புதிர்ப் பலகை பொருத்துவதிலும் வடிவத்தை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் ஆற்றல் வளர்கிறது. கணக்குக்கு அது பெரிய துணை. மகளுக்கு அதை மறுக்காதீர்கள். சொப்புச் சாமானைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குவதும், மூன்று பேருக்கு மூன்று தட்டு வைப்பதும் மகனுக்கும் கணக்குதான்.

ஒரு மாமா, வாழப்பாடி: நாலு வயது அக்கா மகளை அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா?

இப்போது வேண்டாம். மணிச்சட்டத்தில் மேலே உள்ள ஒரு மணிக்கு ஐந்து மதிப்பு. அதைப் புரிந்துகொள்ள ஐந்து என்றால் என்ன என்பது முதலில் உறுதியாக இருக்க வேண்டும். வேகம் எப்போது வேண்டுமானாலும் வரும்.

தம்மம்பட்டியிலிருந்து ஓர் இளைஞர்: எங்கள் ஊரில் சுவாமி சிற்பம்தான் செய்கிறோம். கணக்குப் பொம்மை செய்தால் விற்குமா?

சந்தையைப் பற்றி நான் வாக்குக் கொடுக்க முடியாது. கைத்திறன் பற்றித் தைரியமாகச் சொல்வேன். தசாவதாரத்தையும் அன்னத்தையும் வாகை மரத்தில் செதுக்கிப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் உங்களுடையது. ஒரே அளவில் நூறு கட்டை வெட்டுவது உங்களுக்குப் பெரிய வேலையில்லை. சென்னப்பட்டணத்தார் பொம்மைக்குப் பயன்படுத்தும் மரம் நம் வெப்பாலைதான். நம் பக்கத்துக் கரடுகளிலும் அது வளர்கிறது. கடைசலுக்கு இசைவான வெள்ளை மரம். சிற்பத்துக்கு வெட்டி மிஞ்சும் துண்டிலிருந்து தொடங்குங்கள். எண் கோல் ஒரு செட், பல்லாங்குழி ஒன்று, பத்துக் கட்டப் பலகை ஒன்று செய்து, பக்கத்து ஊர் அங்கன்வாடியில் கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளைகள் எதை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். எதைச் செய்வது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஓர் அங்கன்வாடிப் பணியாளர்: ஒரே ஒரு செட் கட்டை, இருபது பிள்ளைகள். எப்படிச் சமாளிப்பது?

நான்கைந்து பிள்ளைகள் மட்டும் ஒரு பாயில் உட்காரட்டும். மற்றவர்களுக்குப் பாட்டு, மணல், படம். அரசின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் கையில் இருக்கிறது, அதிலேயே இதற்கெல்லாம் இடம் உண்டு. சமைக்கவும், எடை பார்க்கவும், பதிவேடு எழுதவும் ஓடிக்கொண்டே பிள்ளைக்குக் கணக்கும் சொல்லித் தருகிற உங்களுக்கு என் வணக்கம். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு செட் செய்து தந்தால் உங்கள் பாடு பாதியாகும்.

ஓர் அப்பா, ஏற்காடு அடிவாரம்: கட்டையிலேயே பழகிவிட்டால் பிறகு பேப்பரில் கணக்குப் போட வருமா?

வரும், பாலம் போட்டால். ஏழு புளியங்கொட்டையை எண்ணி வைத்து, பிள்ளை கண்ணை மூடியிருக்கும்போது சிலவற்றைக் கொட்டாங்குச்சியால் மூடுங்கள். வெளியே நாலு தெரிகிறது. உள்ளே எத்தனை? முதலில் கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்க்கும். சில நாளில் தூக்காமலே "மூணு" என்று சொல்லிவிட்டு, சரிபார்க்கத் தூக்கும். பிறகு தூக்கவே தோன்றாது. அன்று நோட்டை எடுத்து 4 + 3 = 7 என்று எழுதிக் காட்டுங்கள். தன் கை செய்ததைத்தான் அது படிக்கும். திரும்பக் கட்டை கேட்டால் கொடுங்கள், மறுக்காதீர்கள்.

ஒரு தாய், மோகனூர்: நானும் வேலைக்குப் போகிறேன். தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கால் மணி நேரம். அதுவும் முடியாத நாளில், சாப்பிடும்போது தட்டு வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள்.

கடைசியாக, அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். பல பள்ளிகளுக்குக் கணித உபகரணப் பெட்டி ஏற்கெனவே வந்திருக்கிறது. சில இடங்களில் உடைந்துவிடும், தொலைந்துவிடும் என்ற பயத்தில் அது பீரோவில் பூட்டியே கிடக்கிறது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, பெட்டி எங்கே என்று கேளுங்கள். உடைந்தால் நாங்கள் செய்து தருகிறோம் என்று சொல்லி, அதை அன்றே பிள்ளைகள் கைக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள்.